மதுரையின் காலை ஏழு மணியைச் சென்னையில் முந்தின நாளே பதிவு செய்யாதீர்கள்

எங்கள் நகரத்துத் தனியார் பண்பலையின் நிர்வாகத்தினருக்கு,

காலை 7 மணி முதல் 11 மணி வரை மதுரை ஸ்டுடியோவிலிருந்து நேரடியாகப் போய்க்கொண்டிருந்த நிகழ்ச்சியை இந்த மாதத்தோடு நிறுத்துகிறீர்கள். சென்னையில் முந்தின நாள் மாலை பதிவாகும் ஒரே நிகழ்ச்சி இனி எல்லா ஊர் ஒலிபரப்புக் கோபுரங்களிலிருந்தும் ஒலிக்கும் என்கிறீர்கள். நேயர்கள் நேரடியாகக் கூப்பிட்டு ஆடும் போன் விளையாட்டுகளின் இடத்தில் வாட்ஸ்அப் குரல் பதிவுகள் வருமாம். டிவி சீரியலில் வரும் கல்யாணத்தையும் வளைகாப்பையும் நேயர்களோடு ஸ்டுடியோவில் நடத்தும் கொண்டாட்டங்கள் நிகழ்ச்சிப் பிரிவின் கையைவிட்டு விளம்பரப் பிரிவு விற்கும் பேக்கேஜ் ஆகுமாம். இந்த மூன்றையும் எங்களால் ஏற்க முடியவில்லை.

இதை எழுதுகிறவர்களில் காலை நிகழ்ச்சியின் ஒலியைக் கலக்கும் கன்சோலிலும், அழைப்பு எடுக்கும் மேசையிலும், பரிசுப் பதிவேட்டிலும் வேலை பார்த்தவர்கள் உண்டு. அந்த நிகழ்ச்சியை நாள் தவறாமல் கேட்கிறவர்களும் உண்டு. "கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது" என்ற உங்கள் விளக்கத்துக்கு வேலையின் உள்ளிருந்தே பதில் சொல்கிறோம்.

முதலில் மணி. காலையில் ரேடியோதான் பல வீட்டுக்குக் கடிகாரம். "மணி ஏழு நாற்பது" என்று குரல் வரும்போது பிள்ளைக்குத் தலை பின்னி முடித்திருக்க வேண்டும், எட்டு ஐந்துக்குள் குக்கர் இறங்கியிருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு எல்லா அடுப்படியிலும் ஓடுகிறது. பதிவு நிகழ்ச்சி அந்த மணியைச் சொல்ல முடியாது. ஒரே நிகழ்ச்சி பல ஊருக்குப் போகும்போது, விளம்பர இடைவேளையில் மட்டும் அந்தந்த ஊர் விளம்பரம் செருகப்படும். சென்னை 3 நிமிடம் விட்டிருக்கும். மதுரைக்கு அன்று 2 நிமிடம் 10 நொடிக்குத்தான் விளம்பரம் இருக்கும். மீதி 50 நொடியை ஜிங்கிளாலும் புரோமோவாலும் அடைப்பீர்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் தலைகீழாகும்: 4 நிமிட விளம்பரம் வந்து நிற்கும்; ஒன்று பாட்டின் கடைசிச் சரணம் வெட்டுப்படும், இல்லையென்றால் நிகழ்ச்சி ஒரு நிமிடம் பின்னால் போகும். மணிக்கு மூன்று இடைவேளை என்றால் நான்கு மணி நேரத்தில் பன்னிரண்டு முறை இந்தப் பிசகு நடக்கலாம். பதிவு செய்கிறவருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் வம்பே வேண்டாம் என்று மணி சொல்வதையே விட்டுவிடுவார். "இனிய காலை" என்பதோடு சரி.

மணிக்கு அடுத்தது ஊர். மழைக்காலத்தில் பள்ளி விடுமுறையை ஆட்சியர் பெரும்பாலும் விடிந்த பிறகுதான் அறிவிக்கிறார். வைகையில் தண்ணீர் கூடினால் யானைக்கல் தரைப்பாலம் மூழ்குகிறது. அதை அறியாமல் வண்டியை இறக்கியவர் திரும்பி வேறு பாலத்துக்குச் சுற்ற வேண்டும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையம், தமுக்கம் பக்கம் எந்தச் சாலை எத்தனை மணி வரை அடைப்பு, பேருந்து எங்கே திரும்புகிறது என்பது மணிக்கு மணி மாறும். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை எந்தத் தெருவுக்கு என்று காலையில் சொன்னால்தான் மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பிக்கொள்ளலாம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி என்ன விலை என்பது பூ விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அன்றைய செய்தி. மார்கழிப் பனியில் வரத்து குறைந்து முகூர்த்த நாளும் சேர்ந்துகொண்டால் முந்தின நாள் விலைக்கும் மறுநாள் விலைக்கும் சம்பந்தமே இருக்காது. முந்தின நாள் மாலை 5 மணிக்கு, குளிரூட்டிய அறையில், ஒருவர் பாட்டுகளுக்கு நடுவே வரும் பேச்சான லிங்க்குகள் முப்பதை ஒரே மூச்சில் பேசிவிட்டுப் போகும்போது இதில் எதைச் சொல்ல முடியும்?

தனியார் பண்பலைக்குச் செய்தி வாசிக்க அனுமதி இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லாதீர்கள். மத்திய அரசின் மூன்றாம் கட்டப் பண்பலைக் கொள்கை 2011இல் வந்தபோதே போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, திருவிழா, மின்சாரம், குடிநீர், நிர்வாகம் தரும் பேரிடர் அறிவிப்பு ஆகியவற்றைச் செய்திக் கணக்கில் சேர்க்காமல் அனுமதித்திருக்கிறது. அதே கொள்கைதான் உங்கள் சொந்த நிலையங்களுக்குள் ஒரே நிகழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ளவும் இடம் தந்தது. ஆக, நீங்கள் செய்வது விதிமீறல் என்று நாங்கள் சொல்லவில்லை. அனுமதித்த இரண்டில் செலவைக் குறைப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, ஊருக்குப் பயன்படுவதை விட்டுவிட்டீர்கள் என்கிறோம்.

பதிவு நிகழ்ச்சி எந்த அளவுக்குத் தவறிப்போகும் என்பதற்கு ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். 2023 செப்டம்பர் 8. 'எதிர்நீச்சல்' சீரியலில் ஆதி குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்து அன்று காலை, அதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மயங்கி, இறந்துபோனார். தேனி மாவட்டத்துக்காரர், எங்கள் பக்கத்து மனிதர். அவருடைய வசனத்தை ஊரே சொல்லித் திரிந்த காலம் அது. காலை நிகழ்ச்சிகளில் அவர் குரலைப் போலப் பேசிக்காட்டும் போட்டி நடத்துவது வெகு இயல்பு. அந்த மாதிரிப் போட்டி ஒன்று முந்தின நாளே பதிவாகி, காலை ஒன்பது மணிக்குச் சிரிப்பொலியோடு போகிறது, கேட்கிறவர் கையில் இருக்கும் செல்போனில் மரணச் செய்தி வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரடி நிகழ்ச்சியில் இதைச் சமாளிக்க ஐந்து நிமிடம் போதும்: செய்தியை இரண்டு இடத்தில் உறுதி செய்வது, அடுத்த ஜிங்கிளை எடுத்துவிடுவது, குத்துப்பாட்டை நீக்கி மெல்லிய பாட்டு ஒன்றைப் போடுவது, அன்றைய விளையாட்டை நிறுத்திவிட்டு நேயரைப் பேசவிடுவது. இதைச் செய்ய ஸ்டுடியோவில் ஆள் வேண்டும். தானாக ஓடும் மென்பொருளுக்கு யார் இறந்தார் என்று தெரியாது.

இனி விளையாட்டு. "நேயர்கள் வாட்ஸ்அப்பில் பதில் அனுப்பலாம், சிறந்தவை ஒலிபரப்பாகும்" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். இரண்டு நிமிடப் போன் விளையாட்டுக்குப் பின்னால் என்ன வேலை இருக்கிறது என்பதை முடிவெடுத்தவர்கள் ஒரு முறையாவது அழைப்பு மேசையில் உட்கார்ந்து பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

அழைப்பை எடுப்பவர் நேயரை நேராகக் காற்றில் விடுவதில்லை. நாற்பது நொடி தனியாகப் பேசுகிறார். பேர் என்ன, எந்த ஊர், இப்போது எங்கே இருக்கிறீர்கள், ரேடியோவைக் குறைத்துவிட்டீர்களா. இந்த நான்கு கேள்விக்கும் காரணம் உண்டு. வண்டி ஓட்டிக்கொண்டு பேசுகிறார் என்று தெரிந்தால் இணைக்கக் கூடாது. ஓரமாக நிறுத்திவிட்டுக் கூப்பிடச் சொல்ல வேண்டும். ஸ்பீக்கர் போனில் இருந்தால் அறை முழுதும் எதிரொலிக்கும், கைக்கு மாற்றச் சொல்ல வேண்டும். ரேடியோ பக்கத்தில் அலறிக்கொண்டிருந்தால் அந்தச் சத்தம் போன் வழியாகத் திரும்பவும் கன்சோலுக்கு வந்து ஊளையிடும். தகாத வார்த்தையை வெட்டுவதற்காக ஏழு எட்டு நொடித் தாமதக் கருவி போட்டிருந்தால் ஊளை வராது, ஆனால் நேயர் எட்டு நொடிக்கு முன் தான் பேசியதைத் தானே கேட்டுத் தடுமாறி "ஹலோ... ஹலோ..." என்று நின்றுவிடுவார். அவரைக் காத்திருக்க வைக்கும் நேரத்தில் போனில் நிகழ்ச்சியின் ஒலியைத் தர வேண்டும். வெறும் அமைதியாக விட்டால் பாதிப்பேர் இணைப்புப் போய்விட்டது என்று வைத்துவிடுவார்கள். அந்த ஒலியில் நேயரின் சொந்தக் குரல் மட்டும் கலக்காமல் கன்சோலில் கழித்துத் தர வேண்டும். காற்றில் ஒருவர், காத்திருப்பில் இருவர் என்பது குறைந்தபட்சக் கணக்கு. முதல் ஆள் பதற்றத்தில் வாயே திறக்கவில்லை என்றால் அடுத்தவர் தயாராக இருக்க வேண்டும்.

கேள்விக்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. முதல் கேள்வி யாரும் தோற்காத கேள்வியாக இருக்க வேண்டும். எடுத்த எடுப்பில் தெரியாமல் விழித்தவர் மறுபடி ஆயுசுக்கும் போன் செய்ய மாட்டார். இரண்டாவதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மூன்றாவதில்தான் பரிசு நிற்க வேண்டும். பாட்டின் ஆரம்ப இசையைப் போட்டுக் கண்டுபிடிக்கச் சொல்வதென்றால் 5 நொடி. அதற்கு மேல் போனால் கேட்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும், போட்டியில் இருப்பவருக்கு மட்டும் தெரியாது, அது அவமானமாக முடியும். இதையெல்லாம் ஆர்ஜே அந்த நிமிடத்தில், அந்தக் குரலைப் பார்த்து மாற்றுகிறார். பேசுகிறவர் எழுபது வயதுப் பாட்டி என்றால் புதுப் பாட்டை விட்டுவிட்டுப் பழைய பாட்டுக்குத் தாவுகிறார்.

'ஆமா', 'இல்லை' சொல்லாமல் 45 நொடி பேசும் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் யாரும் வெறும் 'ஆமா' என்பதில்லை. "ஆமாண்ணே", "ஆமாக்கா", "இல்லண்ணே" என்றுதான் வரும். 'ம்' என்று முனகினால் அது ஆமாவா? 'கிடையாது' என்றால் அது இல்லையா? இதை ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்து சொல்லவில்லை என்றால் நாள் முழுக்கச் சண்டைக்குப் போன் வரும். அந்தச் சண்டையும் நிகழ்ச்சிதான். மறுநாள் காலை அதை வைத்தே பத்து நிமிடம் ஓட்டலாம்.

சீரியல் முறை சொல்லும் ஆட்டம் இன்னொன்று. நேற்றைய கதையில் வந்த இரண்டு பேருடைய பெயரைச் சொல்லி, இவளுக்கு அவன் என்ன முறை என்று கேட்பது. இரண்டாம் தாரம், தத்துப்பிள்ளை, மாறிப்போன கல்யாணம் என்று சீரியல் உறவு சிக்கலாக இருப்பதால் கேட்கிற வீடு முழுதும் கூடவே கணக்குப் போடும். சென்னையில் தயாராகும் விடைத்தாளில் 'அண்ணி' என்று இருக்கும். எங்கள் நேயர் 'மதினி' என்பார். 'அத்தை' என்று இருக்கும். இவர் 'அயித்தை' என்பார். அப்பாவைப் பெற்றவள் அப்பத்தா, அம்மாவைப் பெற்றவள் அம்மாச்சி என்று இங்கே பிரித்துச் சொல்கிறார்கள். 'பாட்டி' என்றால் எந்தப் பாட்டி என்று எங்கள் ஆர்ஜே திருப்பிக் கேட்பார். அங்கே பாட்டி என்பதே முழு விடை. சரியான பதிலைச் சொன்னவரைத் தவறு என்று சொல்லி வெளியேற்றும் போட்டியை இந்த ஊர் எத்தனை நாள் பொறுக்கும்?

வாட்ஸ்அப் குரல் பதிவில் இந்த ஆட்டங்களில் ஒன்றைக்கூட ஆட முடியாது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி இருந்தால், தேடிப் பார்த்தோ மகளிடம் கேட்டோ சரியாக அனுப்பிவிடுவார்கள். வந்ததில் தெளிவானவற்றைத் தேர்ந்தெடுத்து நீங்கள் போடுவீர்கள். தோற்கிறவரே இல்லாத போட்டியை யார் காது கொடுத்துக் கேட்பார்? நாக்கு நுனியில் இருக்கும் பாட்டு வராமல் ஒருவர் தவிக்கிற அந்த மூன்று நொடிக்குத்தான் டீக்கடையில் கிளாசைக் கையில் வைத்தபடி நிற்கிறார்கள். இன்னொன்றையும் மறந்துவிட்டீர்கள். பூக்கட்டுகிற அம்மா, இரவுக் காவல் முடித்து வரும் அண்ணன், தையல் கடைக்காரர், தனியாக இருக்கும் அப்பத்தா என்று காலை நிகழ்ச்சிக்கு விடாமல் அழைப்பவர்களில் பலர் கையில் இருப்பது பட்டன் போன். அதில் வாட்ஸ்அப் இல்லை. ஒரு எண்ணை அழுத்தத் தெரிந்தால் போதும் என்ற ஒரே தகுதியை வைத்து அவர்கள் இத்தனை நாள் உள்ளே வந்தார்கள். அந்தக் கதவைத்தான் இப்போது சாத்துகிறீர்கள்.

பரிசைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லா ஊருக்கும் சேர்த்து நடத்தும் நெட்வொர்க் போட்டியில் பெரிய பரிசு தரலாம் என்பது உங்கள் வாதம். வருமான வரிச் சட்டப்படி 10,000 ரூபாயைத் தாண்டும் போட்டிப் பரிசுக்கு 30 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். பொருளாகத் தந்தால் அந்த வரியைக் கட்டிய பிறகே பொருள் கை மாற வேண்டும். ஸ்கூட்டர் ஜெயித்தவரிடம் முதலில் பணம் கட்டுங்கள் என்றால் அவர் எங்கே போவார்? காலை விளையாட்டுக்குப் பொருத்தமானது சின்னப் பரிசு: இரண்டு சினிமா டிக்கெட், ஒரு சுங்குடிச் சேலை, பலகாரக் கடைக் கூப்பன். அது அந்த ஊர்க் கடையினுடையதாக இருக்க வேண்டும். சென்னைக் கிளையில் மட்டும் செல்லும் கூப்பனை உசிலம்பட்டிக்காரர் என்ன செய்வார்? பதிவேட்டில் பெயர், எண், தேதி, வாங்கிய கையெழுத்து நான்கும் இருக்க வேண்டும். ஒரு எண்ணிலிருந்து ஜெயித்தவர் 30 நாளுக்கு மறுபடி ஜெயிக்கக் கூடாது. இந்த விதியைத் தளர்த்தினால் ரீடயல் அழுத்தியபடியே இருக்கும் நாலு பேரே மாதம் முழுதும் ஜெயிப்பார்கள், மற்றவர் சலித்து விலகிவிடுவார்கள். பரிசைத் தாமதமாகத் தருவதுபோல் நிலையத்தின் பெயரைக் கெடுப்பது வேறில்லை. பேருந்துச் செலவு செய்து வந்தவரிடம் "ஸ்டாக் வரல, அடுத்த வாரம் வாங்க" என்று சொன்னால் அவர் ஊரிலேயே அந்த அலைவரிசையை மாற்றிவிடுவார்கள்.

எங்களை மிகவும் வருத்துவது சீரியல் கொண்டாட்டத்தை விற்பனைக்கு வைத்ததுதான்.

சீரியலை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் 'நாடகம்' என்றுதான் சொல்கிறார்கள். தினத் தொடருக்கும் வானொலிக்கும் பழைய சொந்தம் உண்டு. 1930களில் அமெரிக்க வானொலிகளில் சோப்பு நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்திய பகல்நேரத் தொடர் நாடகங்களிலிருந்துதான் 'சோப் ஓப்பரா' என்ற பெயரே வந்தது. எனவே விளம்பரதாரர் இருப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. நாயகியின் வளைகாப்பு நேற்று இரவு டிவியில் நடந்தால், இன்று காலை ஸ்டுடியோவில் நேயர்கள் அவளுக்கு வளைகாப்பு நடத்துவார்கள். அதில் விளம்பரதாரருக்கு ஒரு இடம் இருந்தது, நேயருக்கு மீதி இடம் முழுதும் இருந்தது. உங்கள் புதிய பேக்கேஜில் நடிகையின் ஒரு நிமிடப் பதிவு, நகைக்கடையின் வாசகம், தலைப்புப் பாட்டு, அவ்வளவுதான். நேயர் எங்கே?

இந்தக் கொண்டாட்டத்தை ஒழுங்காக நடத்த மூன்று வாரம் வேண்டும். முதலில் சேனலிடம் தேதி வாங்க வேண்டும். வளைகாப்புக் காட்சியை முன்கூட்டியே எடுத்து, ஒரு வாரம் இழுத்து ஒளிபரப்புவார்கள். கண்ணாடி வளையல் போடும் பகுதி எந்த இரவு வருகிறதோ அதற்கு மறுநாள் காலைதான் நம்முடைய நாள். ஒரு நாள் முந்தினாலும் கதையை உடைத்ததாக ஆகும். செயலியில் சந்தா கட்டியவர்கள் டிவிக்கு முன்பே அத்தியாயத்தைப் பார்த்துவிடுகிறார்கள். அவர்களில் ஒருவர் போனில் வந்து, அன்றிரவு வரப்போவதைப் போட்டு உடைப்பார். அதனால் அழைப்பு எடுப்பவர் "நேத்து வரைக்கும் மட்டும் பேசுங்கக்கா" என்று ஐந்தாவது கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நடிகை காலை 7 மணிக்கெல்லாம் மேக்கப்பில் இருப்பார், ஷாட் அழைத்தால் போனை வைத்துவிடுவார். ஆகவே அவருடைய பத்து நிமிடத்தை முந்தின இரவே பதிவு செய்து, அது பதிவு என்பதையும் நேயரிடம் சொல்லிவிட வேண்டும். தலைப்புப் பாட்டைப் போட எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

ஸ்டுடியோவுக்கு ஆறு பெண்களுக்கு மேல் அழைக்கக் கூடாது. இரண்டு மைக்குக்கு ஆறு பேரே அதிகம். வளையல் சத்தம் காதுக்கு இனிமை, மைக்குக்கு எமன். கண்ணாடி வளையலை மைக் முன்னால் குலுக்கினால் ஒலி அளவைக் காட்டும் ஊசி சிவப்புக்குப் போகும், சத்தத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் இறங்கி அதே நேரத்தில் பேசுகிறவர் குரலையும் அமுக்கிவிடும். ஒரு முழம் தள்ளி, மைக்கின் பக்கவாட்டில், மெதுவாகக் குலுக்கச் சொல்ல வேண்டும். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருவார்கள். தூக்குவாளி திறக்கும் சத்தத்தைப் பதியலாம், மெல்லும் சத்தம் காற்றில் போகக் கூடாது.

இதில் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டிய விதி ஒன்று இருந்தது. அழைப்பில் 'சுமங்கலிகள்', 'பிள்ளை பெற்றவர்கள்' என்ற சொற்கள் வரக் கூடாது. வீட்டு வளைகாப்பில் ஒதுங்கி நிற்கச் சொல்லப்படும் பெண்கள் எத்தனையோ பேர். கணவனை இழந்தவர், பிள்ளையில்லாதவர் வளையல் போட முன்னே வந்தால் முகம் சுளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வானொலியில் நடக்கும் வளைகாப்பில் வாழ்த்துச் சொல்ல யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம். குரல் தாலியைக் காட்டுவதில்லை. அப்படி வந்த வாழ்த்துகளுக்காகவே இந்த நாளை ஆண்டுக்கு நான்கு முறை நடத்தலாம்.

இன்னொரு செல்வம் பாட்டு. நலங்குப் பாட்டும் தாலாட்டும் ஊருக்கு ஊர் வேறு. தாய்மாமனை இழுக்காத தாலாட்டு எங்கள் பக்கம் கிடையாது. சீர் கொண்டுவராத மாமனைக் கேலி செய்யும் வரிகளும் அதிலேயே உண்டு. மேலூர்ப் பக்கத்துப் பாட்டி பாடுவதைத் திருமங்கலத்துக்காரர் கேட்டுவிட்டு, "எங்கூர்ல அந்த அடி வேற மாதிரி" என்று போன் செய்து பாடிக்காட்டுவார். இந்தப் பாட்டுகள் எந்த நிறுவனத்தின் கிடங்கிலும் இல்லை. சீரியல் வளைகாப்பு என்ற சாக்கு இருந்ததால் வெட்கத்தை விட்டுப் பாடினார்கள். "நாட்டுப்புறப் பாடல் நிகழ்ச்சி, வந்து பாடுங்கள்" என்று கூப்பிட்டிருந்தால் யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

கல்யாணக் காட்சி என்றால் வேறு ஏற்பாடு. வைகைக்கு வடகரை நேயர்கள் பெண் வீடு, தென்கரை நேயர்கள் மாப்பிள்ளை வீடு. பத்திரிகை வாசிப்பது, சீர்வரிசை அடுக்குவது, பந்தியில் என்ன போடுவது என்று இரு வீடும் காற்றில் வழக்காடும். சென்னைப் பதிவில் எந்த ஆற்றுக்கு எந்தக் கரை?

இந்த நிகழ்ச்சியை யார் கேட்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்கிறீர்கள். நாட்டில் நடந்த வானொலி நேயர் கணக்கெடுப்பான ஆர்.ஏ.எம். மும்பை, டெல்லி, பெங்களூரு, கொல்கத்தா ஆகிய 4 நகரங்களுக்கானது. சென்னையே அதில் இல்லை, மதுரை எங்கே? அப்படியிருக்க மதுரைக்கு இருக்கும் ஒரே கணக்கு உங்கள் அழைப்புப் பதிவேடும் பரிசுப் பதிவேடும்தான். தினமும் எத்தனை அழைப்பு வந்தது, எந்தெந்த ஊரிலிருந்து வந்தது என்பது அதில் தேதியோடு இருக்கிறது. முடிவெடுக்கும் முன் அதைப் புரட்டிப் பார்த்தீர்களா? வாட்ஸ்அப்புக்கு மாறிய பிறகு அந்த ஏடும் மூடப்படும். அப்புறம் "யாருமே கேட்கவில்லை" என்று சொல்வது சுலபம்.

பண்பலை அலை நேர்கோட்டில் போகும், கோபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களோடு நின்றுவிடும். அதனால்தான் ஊருக்கு ஊர் ஏலம், ஊருக்கு ஊர் உரிமம். 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அலைவரிசை பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. மதுரையின் பெயரில் பெற்ற அந்தப் பொதுச் சொத்தில் மதுரைக்காரர் குரல் காலையில் ஒரு நிமிடமும் நேரடியாகக் கேட்காது என்ற நிலையை எங்களால் நியாயமாகப் பார்க்க முடியவில்லை.

செலவு இருக்கிறது என்பது தெரியும். நான்கு மணி நேரமும் பழையபடியே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. எங்கள் கோரிக்கைகள் இவை.

காலை 7 முதல் 10 வரை மதுரையிலிருந்து நேரடியாகவே தொடர வேண்டும். 10 மணிக்குப் பிறகு சென்னை நிகழ்ச்சியை இணைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று மணி நேரத்துக்கு ஆர்ஜே, தயாரிப்பாளர், அழைப்பு எடுப்பவர் என்று மூன்று பேர் கட்டாயம். ஒருவரையே மூன்று வேலைக்கும் உட்கார வைக்கக் கூடாது.

மணிக்கு ஒரு நேரடிப் போன் விளையாட்டாவது இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பைக் கூடுதல் வழியாக வையுங்கள், தொலைபேசி எண்ணை எடுக்காதீர்கள். பரிசு உள்ளூர்க் கடையினுடையதாகவும், ஜெயித்த 15 நாளுக்குள் கையில் கிடைப்பதாகவும் இருக்கட்டும். ஏற்கெனவே ஜெயித்துப் பரிசு வராமல் காத்திருப்பவர்களின் கணக்கை இந்த மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

சீரியல் கொண்டாட்டங்களின் பொறுப்பை நிகழ்ச்சிப் பிரிவிடம் திருப்பிக் கொடுங்கள். விளம்பரதாரர் வாசகத்தை மணிக்கு இரண்டு இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதுவரை ஸ்டுடியோவில் பதிவான நலங்குப் பாட்டுகளையும் தாலாட்டுகளையும் அழித்துவிடாமல், பாடியவர் பெயரும் ஊரும் எழுதித் தனி வட்டில் சேமிக்க வேண்டும்.

கடந்த 12 மாத அழைப்புப் பதிவேட்டிலிருந்து நாள்வாரி எண்ணிக்கையையும் ஊர்களின் பட்டியலையும் வெளியிடுங்கள். நேயரின் பெயரோ எண்ணோ தேவையில்லை. அதை வைத்து மதுரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேயர் கூட்டம் நடத்தி, எங்களை உட்கார வைத்துப் பேசுங்கள். கூட்டத்தின் தேதியைக் காலை நிகழ்ச்சியிலேயே, நேரடியாக, மணியோடு சேர்த்து அறிவியுங்கள். அதுவரை புதிய ஏற்பாட்டை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
மதுரை காலை நிகழ்ச்சியில் வேலை பார்த்தவர்களும் நேயர்களும்